சுழலும் கப்பலில் தேநீர் ஆற்ற முடியுமா?

கேள்வி: செவ்வாய்க்குச் செல்லும் கப்பலில் நடக்கும் அறிவியல் புனைகதை ஒன்றை எழுதி வருகிறேன். 10 மீட்டர் ஆரமுள்ள வட்ட அறை சுழன்று பூமிக்கு நிகரான ஈர்ப்பைத் தருகிறது. அங்கே சமையல்காரர் தேநீரை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஆற்றுகிறார். இயற்பியல் இதற்கு இடம் கொடுக்குமா?

பதில்: சுழற்சியால் ஈர்ப்பு கிடைக்கும் என்பது சரிதான், 10 மீட்டர்தான் இடிக்கிறது. தரை நம் பாதங்களை மையத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதைத்தான் உடல் எடையாக உணர்கிறது. அந்த முடுக்கம் கோண வேகத்தின் (அறை எவ்வளவு விரைவாகச் சுற்றுகிறது என்பதன்) வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கினால் வருவது என்பதால், ஆரம் சிறுக்கச் சிறுக்க வேகத்தைக் கூட்டியாக வேண்டும். உங்கள் அறை நிமிடத்துக்கு ஏறக்குறைய 9.5 முறை சுற்ற வேண்டியிருக்கும். நிற்பவரின் தலையருகே ஈர்ப்பு பாதத்தில் இருப்பதைவிட 17 சதவீதம் குறைந்திருக்கும். தலையைத் திருப்பும்போதெல்லாம் உட்செவி குழம்பிக் குமட்டலெடுக்கும்.

தேநீரின் கதி இன்னும் மோசம். பாத்திரத்தை விட்டு வெளியேறிய திரவம் தான் பெற்றிருந்த வேகத்தோடு நேர்கோட்டில் செல்ல, மையத்திலிருந்து தள்ளியிருக்கும் தரை அதைவிட வேகமாக முன்னே ஓடிவிடுகிறது. கணக்குப் போட்டால், தாரை சுழலும் திசைக்கு எதிர்ப்பக்கமாக 33 சென்டிமீட்டர் விலகி விழும்.

நிமிடத்துக்கு 2 சுற்று, ஆரம் 224 மீட்டர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய சக்கரத்தைக் கட்டத் தேவையில்லை. குடியிருப்பை ஒரு முனையிலும் அதே எடையுள்ள எந்திரப் பகுதியை மறுமுனையிலும் வைத்து, 448 மீட்டர் வடத்தால் பிணைத்துச் சுழற்றினால் போதும். 1966-இல் அமெரிக்காவின் ஜெமினி 11 விண்கலத்தை அஜீனா ராக்கெட்டுடன் 30 மீட்டர் கயிற்றால் இணைத்து மெதுவாகச் சுழற்றிப் பார்த்தார்கள். கிடைத்த ஈர்ப்பு மிகச் சொற்பம் என்றாலும் முறை வேலை செய்தது. நகரமே வேண்டுமானால் 1975-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் விண்வெளிக் குடியிருப்புகள் பற்றி நடந்த ஆய்வின் வடிவம் இருக்கிறது: ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் விட்டம், நிமிடத்துக்கு ஒரு சுற்று, 10,000 பேர். நம்பிக்கை தரும் கதைக்கு மாயப் பொருள் எதுவும் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்: அந்த அளவுள்ள எஃகு வளையம் தன் எடையைத் தானே தாங்கும்போது ஏற்படும் இழுவிசை, சாதாரணக் கட்டுமான எஃகின் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

224 மீட்டரிலும் ஒரு மீட்டர் தாரை 6 சென்டிமீட்டர் விலகும்; கண்ணாடி டம்ளரின் வாயளவு ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே காட்சியை நீக்க வேண்டாம். உங்கள் சமையல்காரர் கீழ்க்கை டம்ளரை அந்த அளவு தள்ளிப் பிடித்துப் பழகியிருப்பார். பூமியிலிருந்து புதிதாக வந்து அதே போல் ஆற்ற முயல்பவர்தான் கையைச் சுட்டுக்கொள்வார்.