சலமான்காவில் ஓர் இரவு தங்குங்கள்

கேள்வி: மாட்ரிட்டில் படிக்கும் மகளைப் பார்க்க அக்டோபரில் நானும் கணவரும் போகிறோம். சலமான்கா பல்கலைக்கழக நகரத்தையும் பார்க்க ஆசை. காலையில் போய்விட்டு மாலையே மாட்ரிட் திரும்பிவிட முடியுமா? எனக்கு மூட்டுவலி உண்டு. இருவரும் சைவம்.

பதில்: முடியும். ஆனாலும் திரும்ப வேண்டாம் என்றுதான் சொல்வேன். மாட்ரிட்டின் சமார்த்தின் நிலையத்திலிருந்து வேகமான ரயில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சிக்கல் பயணத்தில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. பழைய நகரம் முழுவதும் பக்கத்து ஊரான வில்லமயோரில் வெட்டிய மணற்கல்லால் கட்டியது. வெட்டியெடுத்த ஈரத்தில் இந்தக் கல் மிருதுவாக இருக்கும். காயக் காய இறுகும். அதிலுள்ள இரும்புச் சத்தால் காலப்போக்கில் பொன்னிறமாகும். நடுப்பகலில் வெறும் மஞ்சளாகத் தெரிகிற அதே சுவர், சாயங்கால வெயிலில் உள்ளிருந்து எரிவதுபோல் மாறும். அக்டோபர் நடுவில் அங்கே சூரியன் மறைய ஏழரை மணியாகும். ஒருநாள் பயணமாக வருகிறவர்கள் பெரும்பாலும் அதற்குள் ரயிலேறிவிடுகிறார்கள்.

விடுதி பதிவு செய்யும்போது ஒரு எச்சரிக்கை. மாட்ரிட்டிலேயே சலமான்கா என்றொரு பேட்டை இருக்கிறது. முகவரியில் மாட்ரிட் என்று வந்தால் அது நீங்கள் தேடும் ஊர் அல்ல. அக்டோபர் 12 ஸ்பெயினின் தேசிய விடுமுறை. அதை ஒட்டிய நாட்களில் கூட்டம் நெரியும் என்பதால் தவிர்த்துவிடுங்கள்.

லியோன் மன்னர் ஒன்பதாம் அல்போன்சோ 1218இல் நிறுவிய பல்கலைக்கழகம் இது. அதன் முகப்பில்தான் எல்லாரும் நிற்பார்கள். வலப்பக்கத் தூணில் ஒரு மண்டையோட்டின்மேல் சிறு தவளை ஒன்று உட்கார்ந்திருக்கும். யாரும் காட்டாமல் அதைக் கண்டுபிடிக்கும் மாணவன் தேர்வில் தேறிவிடுவான் என்பது ஐதீகம். தேடுங்கள், ஆனால் அதோடு கிளம்பிவிடாதீர்கள். அந்த முகப்பே 16ஆம் நூற்றாண்டின் அற்புதம். இந்தப் பாணிக்கு பிளாத்தெரெஸ்கோ என்று பெயர். ‘பிளாத்தெரோ’ என்றால் வெள்ளித் தட்டான். கல் மிருதுவாக இருந்ததால்தான் தட்டான் வேலையைக் கல்லில் செய்ய முடிந்தது.

பிறகு டிக்கெட் எடுத்து உள்ளே போங்கள். எனக்கு இந்த ஊரிலேயே மிகப் பிடித்த இடம் அங்கேதான் இருக்கிறது: ஃப்ரே லூயிஸ் தெ லியோனின் வகுப்பறை. பெஞ்சு என்று சொல்லக்கூடக் கூசும். இழைக்காத மரக்கட்டைகள், அவ்வளவுதான். குனிந்து பாருங்கள். தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் கத்தியால் கீறிய எழுத்துகள், கைபட்டுக் கைபட்டு வழவழத்துப்போயிருக்கும். பைபிளின் உன்னதப்பாட்டை ஸ்பானிய மொழியில் பெயர்த்தது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளுக்காக இந்தப் பேராசிரியரை 1572இல் சமய விசாரணை மன்றம் சிறையில் அடைத்தது. 1576 இறுதியில்தான் விட்டார்கள். திரும்பிவந்து, எதுவும் நடவாததுபோல், “நேற்று நாம் சொல்லிக்கொண்டிருந்தபடி...” என்று பாடத்தைத் தொடங்கினார் என்பார்கள். அது செவிவழிக் கதைதான் என்றாலும் அந்தக் கட்டைகளின் முன் நிற்கும்போது நம்பத்தான் மனம் விரும்புகிறது.

அதே கட்டடத்தின் பேரவை மண்டபத்தில்தான் 1936 அக்டோபர் 12 அன்று பல்கலைக்கழகத்தின் ரெக்டர், அதாவது தலைவர், எழுத்தாளர் மிகேல் தெ உனாமுனோ, உள்நாட்டுப் போரில் கலகப் படையை நடத்திய ஃபிராங்கோவின் படைத்தலைவர்களில் ஒருவரான மில்யான் அஸ்த்ராயோடு எல்லார் முன்னிலையிலும் மோதினார். உனாமுனோவின் பதவி பறிபோனது. அந்த ஆண்டின் கடைசி நாளில் வீட்டில் இறந்தார்.

தேவாலயங்கள் இரண்டு, ஒட்டியபடியே நிற்கின்றன. புதியதற்குள் புகுந்துதான் பழையதற்குப் போக வேண்டும். புதியதன் வாசல் சிற்பங்களில் ஒரு விண்வெளி வீரர் இருக்கிறார். 1992 சீரமைப்பின்போது சேர்த்தது. நேரத்தைப் பழைய தேவாலயத்துக்குக் கொடுங்கள். பீடத்தின் பின்னால் 53 ஓவியங்கள் அடுக்கடுக்காக நிற்கும். சுற்றுமண்டபத்தின் சாந்தா பார்பரா சிற்றாலயத்தில் ஒரு பிஷப்பின் கல்லறை இருக்கிறது. பட்டத்துக்கு நின்ற மாணவர் அந்தக் கல்லறையின்மேல் கால் பதித்து உட்கார்ந்து, தேர்வுக்கு முந்திய இரவைக் கழிப்பாராம். தேறியவர்களின் பெயரோடு ‘வீத்தோர்’ என்ற வெற்றிக்குறியைச் செந்நிறத்தில் சுவரில் தீட்டுவது வழக்கம். ஊரெங்கும் அதைப் பார்ப்பீர்கள்.

மூட்டுவலிக்கு வருவோம். பார்க்க வேண்டியவை பெரும்பாலும் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில், வாகனம் அதிகமில்லாத தெருக்களில் இருக்கின்றன. தரை கல் பாவியது. தடித்த அடிப்பாகமுள்ள காலணி போடுங்கள். தேவாலயக் கோபுரங்களிலும் கிளெரெசியா என்ற பழைய ஜெசுவிட் ஆலயத்தின் கோபுரங்களிலும் ஏறவே வேண்டாம், படிகள் ஏராளம். சிப்பி மாளிகை இப்போது பொது நூலகம். முற்றத்தை இலவசமாகப் பார்க்கலாம். சுவர்களில் 300க்கும் மேற்பட்ட கல் சிப்பிகள். ரோமானியப் பாலத்துக்குச் சரிவில் இறங்க வேண்டும், திரும்ப ஏறவும் வேண்டும். மாலையில் டாக்சி பிடித்துத் தோர்மெஸ் ஆற்றின் மறுகரைக்குப் போய்விடுங்கள். தேவாலயங்கள் பொன்னாக மாறுவதை அங்கிருந்து பார்ப்பதற்கு ஈடில்லை.

சாப்பாட்டில் கவனம் தேவை. ஊரின் பெருமையான ஒர்னாசோ இறைச்சி அடைத்த ரொட்டி. பிசைந்த உருளைக்கிழங்கிலும் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். ‘வெஹெதாரியானோ’ என்று மட்டும் சொன்னால் சாலட்டில் சூரை மீன் வந்துவிடக்கூடும். “சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்” என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், பன்றித்தொடை மூன்றும் வேண்டாம் என்று பொருள். முட்டை சாப்பிடுவீர்களானால் உருளைக்கிழங்குத் தொர்த்தியா, அதாவது ஆம்லெட், எங்கும் கிடைக்கும். இரவு உணவு ஒன்பது மணிக்குத்தான் களைகட்டும். அதுவரை தாங்கப் பழம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றங்கரையிலிருந்து நேராக பிளாசா மயோர் சதுக்கத்துக்கு வாருங்கள். 1729இல் தொடங்கிக் கட்டிய சதுக்கம், சுற்றிலும் 88 வளைவுகள். இருட்டும் நேரத்தில் விளக்குகளை ஏற்றுவார்கள். மாணவர்கள் கூட்டம் கூட்டமாகத் தரையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் ஓரத்தில் ஒரு நாற்காலி பிடித்து, காபி சொல்லிவிட்டு உட்காரலாம். ஊர் கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெயில் சாய்ந்ததும் குளிர் இறங்கும். கம்பளிச் சட்டையை விடுதியில் விட்டுவிட்டு வராதீர்கள்.