சர்வாதிகாரி இறந்தால் அடுத்த ஆளை யார் தீர்மானிக்கிறார்கள்?

கேட்டவர் ஹட்டன் பக்கத்துக்காரர் போலிருக்கிறது. அவர் கேள்வியின் சுருக்கம் இது: "1993 மே 1இல் ஜனாதிபதி பிரேமதாச கொல்லப்பட்டார், மே 7இல் பாராளுமன்றம் டி. பி. விஜேதுங்கவை ஏகமனதாகத் தெரிவு செய்தது. ஒரு கிழமைக்குள் விசயம் முடிந்தது. எல்லாம் ஒரே ஆள் கையில் இருக்கிற நாட்டில் அந்த ஆள் செத்துப்போனால்? அடிபட்டு ஆட்சியே கவிழ்ந்துவிடாதா?"

பெரும்பாலும் கவிழாது. 1946 தொடக்கம் 2014 வரை பதவியில் இருந்தபடியே இறந்த 79 சர்வாதிகாரிகளை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நூற்றுக்கு 92 இடங்களில் ஆள்தான் போனார், ஆட்சி அப்படியே இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் தொரை, அதாவது மேலாளர், மாறினாலும் மறுநாள் விடிய வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு நடக்கும், கொழுந்து நிறுப்பார்கள், வருகைப் பதிவான செக்ரோலில் பேர் விழும். கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆனால் இந்த உவமை பாதி வழிதான் வரும். தொரையை அனுப்புவது கம்பனி. சர்வாதிகாரிக்கு மேலே கம்பனி கிடையாது. புதுத் தொரையை யாரும் அனுப்பப் போவதில்லை. பெரட்டுக்களத்தில் நிற்கிற, வேலையைக் கண்காணிக்கிற கணக்கப்பிள்ளைமாரே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, அன்று யார் பேர் வாசிப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

"உயிரோடு இருக்கும்போதே வாரிசைச் சொல்லி வைத்தால் என்ன?" என்று கேட்கலாம். அதில்தான் சிக்கல். வாரிசு என்று பெயர் விழுந்த அன்றே அந்த ஆளைச் சுற்றிக் கூட்டம் சேரும். கூட்டம் சேர்ந்தவனுக்கு கிழவர் சீக்கிரம் போனால் நல்லது என்ற எண்ணம் வரும். கிழவருக்கும் அது தெரியும். அதனால் பெரும்பாலானவர்கள் பெயரே சொல்ல மாட்டார்கள், இல்லாவிட்டால் சொந்த மகனைச் சொல்வார்கள். மகனுக்கு அவசரமில்லை, எப்படியும் தன் முறை வரும். ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ 1969இல் இளவரசர் ஹுவான் கார்லோஸைத் துணிந்து அறிவித்தாரென்றால், அந்த இளைஞருக்கென்று சொந்தப் படையோ கட்சியோ இல்லை என்பதும் ஒரு காரணம்.

அரசியலமைப்பில் எழுதித்தானே இருக்கிறது என்பவர்கள் துர்க்மெனிஸ்தானைப் பார்க்க வேண்டும். அங்கே ஜனாதிபதி இறந்தால் சபாநாயகர் பதில் ஜனாதிபதி. பதில் ஜனாதிபதியாக இருப்பவர் அடுத்த தேர்தலில் நிற்கக் கூடாது. இரண்டுமே எழுத்தில் இருந்தன. 2006 டிசம்பர் 21இல் நியாசோவ் இறந்தார். அன்றைக்கே சபாநாயகர் மீது குற்ற வழக்கு, பதவியும் பறிபோனது. பல் வைத்தியரான சுகாதார அமைச்சர் பெர்டிமுஹமெதோவ் பதில் ஜனாதிபதி ஆனார். டிசம்பர் 26இல் நிற்கக் கூடாது என்ற வாசகத்தைத் தூக்கினார்கள். 2007 பெப்ரவரி 11 தேர்தலில் அவருக்கு 89 சதவீதம்.

இதே நாடகம் மற்ற இடங்களிலும் ஆடப்பட்டது, வேசம் மட்டும் வேறு. உஸ்பெகிஸ்தானில் 2016இல் ஜனாதிபதி கரிமோவ் இறந்தபோது, பதில் ஜனாதிபதியாக வேண்டிய செனட் தலைவர் தானாகவே "எனக்கு வேண்டாம், பிரதமர் மிர்சியோயெவ் இருக்கட்டும்" என்றார். சிரியாவில் 2000 ஜூன் 10இல் ஹாபிஸ் அல் அசாத் இறந்த அன்றே ஜனாதிபதிக்கான குறைந்தபட்ச வயதை 40இலிருந்து 34 ஆக்கினார்கள். மகன் பஷாருக்கு அப்போது வயது சரியாக 34. (சட்டை தைக்கிறவர் அளவெடுத்த மாதிரி.) டோகோவில் 2005 பெப்ரவரி 5இல் எயாதேமா இறந்தபோது சபாநாயகர் வெளிநாட்டில். எல்லையை மூடினார்கள், அவர் வந்த விமானம் பக்கத்து நாடான பெனினில் இறங்க வேண்டியதாயிற்று. இராணுவம் மகனை உட்கார வைத்தது. அயல் நாடுகள் நெருக்கியதால் மகன் அந்த மாதமே விலகி, ஏப்ரலில் தேர்தல் வைத்து, வென்று, திரும்பி வந்தார்.

ஆக, சட்டப் புத்தகத்தைப் புரட்டி அடுத்த ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. முதல் இரண்டு மூன்று நாளில் சில இடங்களைப் பார்க்க வேண்டும்: உடலுக்குக் காவல் நிற்பது யாருடைய படை, வானொலியும் தொலைக்காட்சியும் யார் சொல் கேட்கின்றன, விமான நிலையம் திறந்திருக்கிறதா. எல்லாவற்றுக்கும் மேலே, இறுதிச்சடங்குக் குழுவின் தலைவர் யார். பெர்டிமுஹமெதோவும் மிர்சியோயெவும் முதலில் வெளிச்சத்துக்கு வந்தது அந்தப் பட்டியலின் தலையில்தான். நம்ம பக்கத்தில் கொள்ளி வைப்பது யார் என்று பார்த்து உரிமைக்காரரைத் தெரிந்துகொள்கிற மாதிரி.

மரணச் செய்தி பிந்துவதும் ஒரு அறிகுறி. வட கொரியாவின் கிம் ஜொங் இல் 2011 டிசம்பர் 17 காலை இறந்தார், உலகத்துக்குச் சொன்னது 19ஆம் திகதி. கரிமோவுக்கு மூளையில் இரத்தக்கசிவு என்பதை அவர் மகள் இன்ஸ்டகிராமில் போட்டுத்தான் வெளியே தெரிந்தது. பிறகு துருக்கிப் பிரதமர் முந்திக்கொண்டு அனுதாபம் தெரிவித்தார், அதற்குப் பின்தான் உஸ்பெகிஸ்தான் அரசாங்கம் மரணத்தை அறிவித்தது. இழுத்தடிக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் உள்ளே பங்கு பிரியும் நேரம்.

சோவியத் தலைவர் ஸ்டாலின் விசயத்தில் அந்தப் பங்குபிரிப்பை நிமிசக் கணக்கில் பார்க்கலாம். 1953 மார்ச் 1 பகல் முழுக்க அவர் அறையில் சத்தமில்லை. கூப்பிடாமல் உள்ளே போகக் காவலர்களுக்குப் பயம். இரவுதான் கதவைத் திறந்தார்கள். தரையில் கிடந்தார். வைத்தியர்கள் வந்து சேர்ந்தது மறுநாள் காலை. மார்ச் 5 இரவு 8 மணிக்குக் கூட்டம் கூடி, 40 நிமிசத்தில் பதவிகளைப் பிரித்து முடித்தார்கள். அவர் மூச்சு நின்றது 9.50க்கு. ஆள் இருக்கும்போதே நாற்காலி போய்விட்டது. மாலென்கோவ் பிரதமர், பெரியாவுக்கு இரகசியப் பொலிஸும் சேர்ந்த உள்நாட்டு அமைச்சு. கட்சிச் செயலகம் மட்டும், அப்போது யாரும் பெரிதாக எண்ணாத குருஷ்சேவ் கையில் தங்கியது. ஜூன் 26இல் கூட்டத்தின் நடுவே பெரியாவைப் பிடித்தார்கள். கிரெம்ளின் காவல் பெரியாவின் ஆட்களிடம் இருந்ததால் மார்ஷல் ஜுகோவும் மற்ற இராணுவ அதிகாரிகளும் பக்கத்து அறையில் ஒளிந்து காத்திருக்க வேண்டியிருந்தது. டிசம்பரில் பெரியாவைச் சுட்டுக் கொன்றார்கள். மாலென்கோவின் பிரதமர் பதவி 1955இல் போனது.

இவ்வளவு பகை இருந்தும் ஏன் முதல் நாளே வெட்டிக்கொள்வதில்லை? இங்கே ஒரு தொழிற்சங்கத்தில் தலைமை தன் பக்கம் வராவிட்டால் வேறு சங்கம் தொடங்கலாம். லயத்துக்கு லயம் போய் சந்தாவை மாற்றச் சொல்லலாம். தோற்றவர் அடுத்த தேர்தலில் வேறு சின்னத்தில் நிற்பார். சர்வாதிகாரத்தில் தோற்றவனுக்குப் போக இடமில்லை. சிறை, இல்லாவிட்டால் சுட்டுக் கொல்ல நிறுத்தும் சுவர். அதோடு, மேல்மட்டத்தில் எல்லோருடைய வீடும் சொத்தும் பழைய குற்றங்களும் ஒரே மூட்டைக்குள் கிடக்கின்றன. மூட்டை அவிழ்ந்தால் எல்லோருக்கும் சேதம். அதனால் முதலில் யாரையாவது உட்கார வைத்துவிட்டு, கணக்கைப் பிறகு தீர்க்கிறார்கள்.

கட்சியும் பலமில்லை, மகனும் கைக்குள் இல்லை என்றால் இராணுவம் நுழையும். கினியாவில் இது இரண்டு தடவை நடந்தது. சேக்கு தூரே 1984 மார்ச் 26இல் இறந்தார், கட்சி புதுத் தலைவரை முடிவு செய்வதற்குள் ஏப்ரல் 3இல் லன்சானா கொந்தே தலைமையில் இராணுவம் பிடித்தது. அந்தக் கொந்தே 2008 டிசம்பர் 22இல் இறந்தார், மரணச் செய்தி வந்த சில மணித்தியாலத்துக்குள் அடுத்த இராணுவக் குழு வானொலி நிலையத்தில் நின்றது.

எனக்கு இதில் சுவையாகப் படுவது, அரசனை உண்டாக்கியவருக்கு நேரும் கதி. அதற்குக் கண்டி போதும். 1798இல் ராஜாதி ராஜசிங்கன் பிள்ளையில்லாமல் இறந்தபோது, முதல் அதிகாரமாக, அதாவது தலைமை அமைச்சராக, இருந்த பிலிமத்தலாவை, 18 வயதுக் கண்ணுசாமியைத் தேடிப்பிடித்துச் சிம்மாசனத்தில் ஏற்றினார். சின்னப் பையன், சொந்தச் செல்வாக்கு இல்லை, சொன்னபடி கேட்பான் என்பது கணக்கு. அந்தப் பையன்தான் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1811இல் பிலிமத்தலாவையின் தலையை எடுத்தது அவன் கட்டளை. பலமில்லாதவனைத் தேர்ந்தால் பிறகு ஆட்டிவைக்கலாம் என்று நினைப்பவர்கள், சிம்மாசனமே ஒரு பலம் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெர்டிமுஹமெதோவை ஏற்றிவிட்டவராகப் பேசப்பட்ட ஜனாதிபதிக் காவல் படைத் தலைவர் ரெஜெபோவ் 2007 மே மாதம் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பிறகு சிறைக்கும் போனார்.

ஆகவே ஆட்சி கவிழுமா என்று மரண வீட்டன்று பார்ப்பதில் அதிகம் தெரியாது. அடுத்த இரண்டு வருசத்தைப் பாருங்கள், முக்கியமாகப் பழைய படங்களை எடுத்து வைத்துக்கொண்டு. 2011 டிசம்பர் 28இல் பியோங்யாங்கில் பனி கொட்டுகிறது, கிம் ஜொங் இல்லின் சவ வண்டியோடு எட்டுப் பேர் நடக்கிறார்கள். வலப்பக்கம் முன்னால் மகன் கிம் ஜொங் உன், அவருக்குப் பின்னால் அத்தையின் கணவர் ஜாங் சொங் தேக். வண்டியின் மறுபக்கம் நான்கு இராணுவத் தலைவர்கள். அவர்களில் முன்னால் நடந்த ரி யோங் ஹோ 2012 ஜூலையில் எல்லாப் பதவியும் இழந்தார். மற்ற மூவரும் அப்போதிருந்த பதவிகளில் நிலைக்கவில்லை. ஜாங் 2013 டிசம்பரில் கொல்லப்பட்டார். ஜாங்குக்குப் பின்னால் நடந்த கிம் கி நாம், பிரசாரப் பிரிவுக்காரர், 94 வயதில் 2024இல் இறந்தார். அவருக்கு அரச மரியாதையோடு சவ அடக்கம், இறுதிச்சடங்குக் குழுவின் தலைவர் கிம் ஜொங் உன்.