எத்தனை வாட் பானை? வீட்டில் பீர் காய்ச்சுவோர் கேள்விகள்

கேள்வி: அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடி. பால்கனியில் கேஸ் அடுப்பு வைக்க அனுமதி இல்லை. ஒரு தடவைக்கு 5 காலன் (சுமார் 19 லிட்டர்) பீர் காய்ச்சுகிற மாதிரி, கரண்டில் ஓடும் செட் ஒன்றை நானே செய்யப் போகிறேன். காரில் நண்பர் வீட்டுக்கும் எடுத்துப் போகணும். தண்ணீரைச் சூடாக்க 5500 வாட் எலிமென்ட் வாங்கலாமா? (வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: வேண்டாம். 5500 வாட் என்று போட்டிருப்பது 240 வோல்ட் கணக்கு, அது 23 ஆம்ப் இழுக்கும். அந்த மாதிரி பாயின்ட் அமெரிக்க வீடுகளில் துணி உலர்த்தும் மெஷினுக்குப் பின்னாலோ அடுப்புக்குப் பின்னாலோதான் இருக்கும், அதிலும் மூன்று முள், நான்கு முள் என்று வீட்டுக்கு வீடு மாறும். நண்பர் வீட்டுக்குப் போய் மெஷினை நகர்த்திப் பார்த்து, பிளக் பொருந்தவில்லை என்று திரும்பி வருவதற்கா இவ்வளவு வேலை? அதே எலிமென்ட்டைச் சாதாரண 120 வோல்ட்டில் ஓட்டினால் வோல்ட்டும் பாதி, ஆம்ப்பும் பாதி, ஆக வாட் கால்வாசியாகி 1375-க்கு இறங்கிவிடும். ஓடும், ஆனால் பொறுமை வேண்டும்.

எங்கே போனாலும் கிடைக்கும் சாக்கெட் எதுவோ, அதற்கு ஏற்ற பானையைச் செய்யுங்கள். அமெரிக்கச் சமையலறை மேடைப் பாயின்ட்கள் பெரும்பாலும் 20 ஆம்ப் சர்க்யூட்டில்தான் இருக்கும். மணிக்கணக்கில் ஓடும் லோடு அதில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது 16 ஆம்ப். 120 வோல்ட்டுக்கே செய்த 1650 வாட் எலிமென்ட் 13.75 ஆம்ப்தான் இழுக்கும், எனவே தாராளமாக ஓடும். 15 ஆம்ப் சர்க்யூட் என்றால் எல்லை 12 ஆம்ப், அங்கே இதை ஓட்டாதீர்கள். இன்னொன்று, பீர் காய்ச்சும்போது அதே சர்க்யூட்டில் யாராவது டோஸ்டரைப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும், வீட்டில் முன்பே சொல்லி வையுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்ப்போம். ஒரு யூனிட் கரண்ட் 860 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும். தானியத்தை (முளைகட்டி உலர்த்திய பார்லி, அதுதான் மால்ட்) துணிப்பையில் போட்டு ஒரே பானையில் ஊற வைக்கும் முறையில் (கையோடு எடுத்துப் போகிற செட்டுக்கு என்னைக் கேட்டால் இது ஒன்றுதான் சரி) கடைசியில் 19 லிட்டர் பீர் வர, தொடக்கத்தில் சுமார் 28 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதை 20 டிகிரியிலிருந்து 68-க்கு ஏற்ற ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், 1650 வாட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். மால்ட் ஒரு மணி நேரம் ஊறணும். பையைத் தூக்கிய பிறகு கொதி வர இன்னும் முக்கால் மணி நேரம், அப்புறம் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) போட்டு ஒரு மணி நேரக் கொதி. ஆறவைப்பது, கழுவுவது எல்லாம் சேர்த்தால் அரை நாள் போய்விடும். பானை 10 காலன் அளவில் இருக்கட்டும், ஐந்து கிலோ தானியமும் உள்ளே இறங்கணுமே.

கொதியில்தான் வாட் குறைவு தெரியும். 1650 வாட் முழுக்க ஆவியாகப் போனாலே மணிக்கு 2.6 லிட்டர்தான் வற்றும், பக்கவாட்டில் இழக்கும் சூடு அதையும் குறைக்கும். சூடு தாங்கும் இன்சுலேஷனைப் பானையைச் சுற்றிக் கட்டினால் கொதி நன்றாக உருளும். மூடியைப் பாதி போடலாம், முழுக்க மூடாதீர்கள், பில்ஸ்னர் என்ற வெளிர் நிற மால்ட்டில் வரும் அந்த வேகவைத்த சோள வாசனை ஆவியோடு வெளியே போகணும். அந்த ஆவி முழுக்க உங்கள் சமையலறையில்தான் இறங்கும் என்பதால் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: கன்ட்ரோல் பெட்டிக்குள் என்னென்ன வேண்டும்? எஸ்எஸ்ஆர் (எலிமென்ட்டை ஆன், ஆஃப் செய்யும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) இருந்தால் தனி ஸ்விட்ச் எதற்கு? (வாசகர், டொரன்டோ)

பதில்: எஸ்எஸ்ஆர் பழுதானால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். சூட்டைப் பார்த்து அதற்கு ஆணையிடும் பிஐடி கன்ட்ரோலர் 'நிறுத்து' என்று சொல்லிக்கொண்டே இருக்கும், எலிமென்ட் பாட்டுக்கு எரியும். கரண்டை நிஜமாகவே துண்டிக்கிற ஸ்விட்ச் ஒன்று கட்டாயம் வேண்டும். எஸ்எஸ்ஆர் ஆம்ப்புக்கு ஒரு வாட்டுக்கு மேல் சூடு விடும், அந்தச் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். கொதிக்கும்போது டிகிரி கணக்கு உதவாது, எத்தனை சதவீதம் சக்தி என்று வைக்கிற மேனுவல் மோடு உள்ள கன்ட்ரோலராகப் பார்த்து வாங்குங்கள். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ (நம் ஊரில் ஆர்சிசிபி என்பது) இல்லாமல் இதை ஓட்டவே ஓட்டாதீர்கள். நண்பர் வீட்டுச் சாக்கெட்டில் அது இருக்குமா என்று பார்ப்பதைவிட உங்கள் ஒயரிலேயே ஒன்று மாட்டிக்கொள்வது நல்லது. ஸ்டீல் பானைக்கு எர்த் தனியாக இறுக்கணும். எலிமென்ட் முழுக்க மூழ்காமல் ஆன் செய்தால் கருகிப்போகும். ஒயரிங் கை வராது என்றால் எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள், அதில் கௌரவம் பார்க்க வேண்டாம்.

கேள்வி: பிளாஸ்டிக் வாளியில் கெட்டில் எலிமென்ட் பொருத்தியிருக்கிறேன். கம்ப்யூட்டர் ஒயர் அதில் பொருந்துகிறது, ஆனால் முனை ரொம்பச் சூடாகிறது. (வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்)

பதில்: இன்றோடு நிறுத்துங்கள். கம்ப்யூட்டர் ஒயரின் முனை சி13 என்ற வகை, 70 டிகிரிதான் தாங்கும். கெட்டிலுக்கு உரியது சி15, 120 டிகிரி வரை தாங்கும், முனையில் ஒரு சிறு வெட்டு இருக்கும். இரண்டுமே 10 ஆம்ப்தான், 2.4 கிலோவாட் எலிமென்ட் அந்த எல்லையை ஒட்டித்தான் நிற்கிறது. ஒயரைச் சுருட்டி வைத்தபடி ஓட்டவும் கூடாது.

கேள்வி: இதைக் கோவையில் செய்யலாமா? (வாசகர், பீளமேடு)

பதில்: கூடாது. அமெரிக்காவில் 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால்தான் வீட்டில் பீர் காய்ச்ச வழி திறந்தது, அப்போதும் அலபாமா, மிசிசிப்பி மாநிலங்கள் 2013 வரை விடவில்லை. இங்கே தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், உங்களுக்கு மட்டும் என்றாலும் அதேதான். கன்ட்ரோல் பெட்டி செய்து பார்க்கும் ஆசை என்றால் தாராளமாகச் செய்யுங்கள், 43 டிகிரியில் வைத்தால் மார்கழிக் குளிரிலும் தயிர் நன்றாக உறையும்.