காட்டுப்பூ விதை தூவினால் புல்தான் மண்டுகிறது. தேனீ, பட்டாம்பூச்சிக்காக நகரத்துச் சிறு இடத்தில் எப்படி வளர்ப்பது?

புல் மண்டியது என்றால் பெரும்பாலும் ஆழமாகக் கொத்தி எருவும் போட்டிருப்பீர்கள். காய்கறிப் பாத்திக்குச் சரி, இதற்கு ஆகாது. சத்து கூடினால் புல் முந்திக்கொண்டு பூச்செடியை மூடிவிடும். மெலிந்த மண்ணே நல்லது. சரளையும் செங்கல் துண்டும் கிடந்தால் கிடக்கட்டும்.

நாளுக்கு 6 மணி நேரமாவது வெயில் படும் இடமாகப் பாருங்கள். இருக்கும் புல்லை வேரோடு எடுத்து, மேல்மண்ணை 2 செ.மீ. மட்டும் கிளறி, தண்ணீர் விட்டு இரண்டு மூன்று வாரம் சும்மா விடுங்கள். மண்ணில் கிடந்த களை விதைகள் முளைத்து வரும். அவற்றை மேலாகச் சீவி எடுங்கள். ஆழக் கொத்தினால் அடியில் உறங்கும் விதைகள் வெளிச்சத்துக்கு வந்து அடுத்த களை கிளம்பும். அவசரக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

பொடி விதை என்றால் சதுர மீட்டருக்கு 3 முதல் 5 கிராம் போதும். ஒரு பங்கு விதைக்கு நாலு பங்கு உலர்ந்த மணல் கலந்து, பாதியை நெடுக்கிலும் மீதியைக் குறுக்கிலும் தூவுங்கள். தும்பை மாதிரிப் பொடி விதையை மண்ணால் மூட வேண்டாம். பலகை போட்டு மிதித்து அழுத்தினால் போதும். ஆவாரை, கிலுகிலுப்பை விதைகளுக்குத் தோல் கெட்டி. வெந்நீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவைத்து, 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். முதல் மூன்று வாரம் மேல்மண் காயக்கூடாது. பூவாளிதான் சரி, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும்.

இடம் இருந்தால் ஒவ்வொரு இனத்தையும் ஒரு மீட்டர் அகலத் திட்டாக வையுங்கள். தேனீ ஒரு நடையில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவையே நாடும். அடுக்குப்பூ ரகங்கள் வேண்டாம். அவற்றில் மகரந்தத் தாள்களே இதழாக மாறியிருக்கும், தேனீக்கு அங்கே வேலையில்லை. நர்சரி நாற்று வாங்கினால் நியோநிகோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லி மருந்து இட்டதா என்று கேளுங்கள். அது செடிக்குள் ஊறி மகரந்தத்திலும் தேனிலும் வரும்.

பூ மட்டும் போதாது. தேனீ இனங்களில் சுமார் 70 சதவீதம் மண்ணைக் குடைந்தே கூடு வைக்கின்றன. வெயில் படும் ஓரத்தில் நாலைந்து சதுர அடியை மூடாக்கு போடாமல் வெறும் தரையாக விடுங்கள்.

சில இனங்கள் இரண்டாம் வருடம்தான் பூக்கும், வரவில்லையென்று பிடுங்கிவிடாதீர்கள். விதை உதிர்ந்தபின் வெட்டி, ஓரிரு நாள் கிடக்கவிட்டு வாரி அப்புறப்படுத்துங்கள். அங்கேயே மக்கினால் அதுவே எருவாகிப் புல்லைக் கூட்டிவரும். தண்டுகளை மட்டும் 30 செ.மீ. உயரத்துக்கு நிற்க விடுங்கள், சில சிறு தேனீக்கள் அதற்குள் முட்டையிடும்.