பரங்கிக்காயும் பரங்கிப்பேட்டையும்

கேள்வி: பரங்கிப்பேட்டையில் ஒரு காலத்தில் பரங்கிக்காய் நிறைய விளைந்ததா? (வாசகர், விருத்தாசலம்)

பதில்: காய்க்கும் ஊருக்கும் பெயர் வந்த வழி ஒன்றுதான். ஐரோப்பியரைப் பரங்கியர் என்றோம். அவர்கள் கப்பலில் வந்த காய் பரங்கிக்காய், அவர்கள் கடை போட்ட ஊர் பரங்கிப்பேட்டை. போர்த்துக்கீசியர் வாயில் அது போர்ட்டோ நோவோ, அதாவது புதுத் துறைமுகம். முஸ்லிம் வணிகர்களுக்கு மஹ்மூத் பந்தர். எல்லாருக்கும் வேண்டியது நம் நெசவுத் துணிதான். டச்சுக்காரரும் அங்கே கிடங்கு வைத்திருந்தார்கள்.

கேள்வி: அங்கே இரும்பாலை இருந்தது என்பார் என் தாத்தா. கடற்கரையில் ஏது இரும்பு? (வாசகி, சிதம்பரம்)

பதில்: தாத்தா சொன்னது சரி. கிழக்கிந்தியக் கும்பினி உத்தியோகத்தை உதறிவிட்டு வந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830இல் அங்கே உலை மூட்டினார். தாது இருந்ததோ சேலம் பக்கம். அதைப் பரிசலில் ஏற்றிக் காவிரி, கொள்ளிடம் வழியாகக் கொண்டுவந்தார்கள். உலைக்கு விறகுக்கரி. உருக்கிய இரும்பு கப்பலேறி இங்கிலாந்து போய், ஷெஃபீல்டில் எஃகானது. ஆக, ஆலைக்குப் பக்கத்தில் இருந்தது கடலும் காடும்தான்! சுற்றுவட்டக் காடு தீர்ந்ததும் கரி தூரத்திலிருந்து வரவேண்டியதாயிற்று, செலவு கட்டவில்லை. 1860களில் உலை அணைந்தது.

ஹீத் கதை அதைவிடப் பரிதாபம். எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். கரியையும் மாங்கனீசையும் முதலிலேயே சேர்த்துச் செய்த பொருளைப் போடவேண்டும் என்பது அவர் முறை. ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் இரண்டையும் தனித்தனியாக மூசையில், அதாவது எஃகு உருக்கும் கலத்தில், போட்டுவிட்டு, ‘இது வேறு முறை’ என்றார்கள். சேர்வது என்னவோ மூசைக்குள்தான்! வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. மனிதர் 1851இல் கையில் காசில்லாமல் செத்துப்போனார்.

கேள்வி: சரி, இப்போது அந்த ஊருக்கு எதில் பிழைப்பு? (அதே வாசகி)

பதில்: மீன், நண்டு, அப்புறம் வெளிநாடு போன பிள்ளைகள் அனுப்பும் பணம். பக்கத்து அன்னங்கோயிலில் விடிகாலையில் படகுகள் கரை சேரும். நான் போன அன்று ஒரு கூடை நிறைய சேற்று நண்டு, ஒவ்வொன்றின் கொடுக்கும் கயிற்றால் கட்டி. விலை கேட்கக் குனிந்தேன். கூடைக்கார அம்மா விலையைச் சொல்லவில்லை. “கையை எடுங்க சார், அந்தப் பெரிசு கட்டை அவுத்துக்கிச்சு” என்றார்.