கிளம்பும்போது 25, இறங்கும்போது 07

கேள்வி: கிள்ளானில் இருக்கிறேன். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 என்ற கணினி விளையாட்டில் ஏ320 விமானம் ஓட்டுகிறேன். கோலாலம்பூர் - சென்னை எனக்குப் பிடித்த பாதை, நிஜ வானிலையைப் போட்டுத்தான் ஓட்டுவேன். பாதைத் திட்டம் போட்டுத்தரும் சிம்பிரீஃப் இணையதளம் 25-ஆம் ஓடுபாதை என்று கொடுக்கும். சென்னையை நெருங்கும்போது ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) 07 என்று சொல்லும். அவசரமாக மாற்றினால் விமானம் வந்த வழியே திரும்பப் பார்க்கிறது. சில நாள் தலைகீழ்: 07 போட்டுவைத்தால் 25 கிடைக்கிறது, அப்போது உயரம் குறைய மாட்டேன் என்கிறது. எந்த ஓடுபாதை வரும் என்று கிளம்பும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? டெலிகிராமில் ஒருவர் 60 ரிங்கிட்டுக்கு ‘ஏர்லைன் ஒரிஜினல் ரூட் பேக், வாழ்நாள் அப்டேட்’ தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், கொஞ்சம் விரிவாகவே.

கிளம்பும் முன்பே ஓடுபாதையைத் தெரிந்துகொண்டாக வேண்டும் என்று நினைக்கிறீர்களே, அதை முதலில் விட்டுவிடுங்கள். நிஜ விமானிக்கும் அது தெரியாது. விமான நிறுவனம் தாக்கல் செய்யும் ஃப்ளைட் பிளானில் பாதைக்கு இடம் உண்டு, போய்ச் சேரும் விமான நிலையத்துக்கு உண்டு, மாற்று விமான நிலையத்துக்கும் உண்டு. இறங்கும் ஓடுபாதைக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. சிம்பிரீஃப் காட்டும் 25, எரிபொருள் கணக்குப் போடுவதற்காக முன்னறிவிப்புக் காற்றை வைத்து அது செய்துகொள்ளும் ஊகம். அவ்வளவுதான்.

ஆனாலும் சென்னையைப் பொறுத்தவரை நாமே நன்றாக ஊகிக்கலாம். ஓடுபாதை எண் என்பது விமானம் நோக்கும் திசை. கடைசிச் சைபரை எடுத்துவிடுவார்கள். 07 என்றால் சுமார் 70 டிகிரி, அதாவது கிழக்கு வடகிழக்கை நோக்கி இறங்குவது. 25 என்றால் கடல் பக்கமிருந்து நகரத்தின் மேலாக வந்து, மேற்கு தென்மேற்கை நோக்கி இறங்குவது. எதிர்க்காற்றில்தான் இறங்க வேண்டும். காற்று மேற்கிலிருந்து வந்தால் 25, கிழக்கிலிருந்து வந்தால் 07.

வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் பெரும்பாலும் 07 என்றே வைத்துக்கொள்ளலாம். குழப்பம் ஜூன், ஜூலையில்தான். காலையில் மேற்குக் காற்று அடிக்கும். நண்பகலுக்கு அப்புறம் கடற்காற்று உள்ளே வரும், திசை அப்படியே புரளும். மெரினாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அது சுகம். விமான நிலையத்தில் மொத்தப் போக்குவரத்தையும் திருப்பிவிட வேண்டிய வேலை. நீங்கள் மலேசிய நேரம் மதியம் 12 மணிக்குக் கிளம்பினால் அப்போது சென்னையில் காலை 9.30. மெட்டாரில், அதாவது விமான நிலைய வானிலை அறிக்கையில், காற்று ‘26008’ என்று இருக்கலாம்: 260 டிகிரியிலிருந்து 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்). சரி, 25. சுமார் 1,400 கடல் மைல் பறந்து நீங்கள் சேரும்போது அங்கே மதியம் ஒன்றரை. காற்று ‘11009’ ஆகியிருக்கும். இப்போது 07. சிம்பிரீஃப்பும் பொய் சொல்லவில்லை, ஏடிசியும் பொய் சொல்லவில்லை. நடுவில் கடற்காற்று வந்துவிட்டது.

ஆகவே கிளம்பும்போது மெட்டாரை மட்டும் பார்க்காதீர்கள்; அது இந்த நேரத்து நிலவரம். டாஃப் எனும் முன்னறிவிப்பைப் பாருங்கள். அதில் நீங்கள் சேரும் நேரத்துக் காற்று இருக்கும். இரண்டிலும் நேரம் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். சென்னைக்கு ஐந்தரை மணியும் உங்கள் ஊருக்கு எட்டு மணியும் கூட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கூட்டலில் சறுக்கிவிட்டு ‘வானிலை தப்பு’ என்று எழுதுபவர்கள் நிறையப் பேர்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். 110 டிகிரிக் காற்றுக்கு 07-ஐ விட 12 நெருக்கம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். சென்னையில் 12/30 என்று இரண்டாவது ஓடுபாதை இருக்கிறது, உண்மைதான். அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டினார்களே, அதுதான். கணக்குப்படி 12-இல்தான் இறங்க வேண்டும். ஆனால் அது பிரதான ஓடுபாதையைக் குறுக்கே வெட்டுகிறது. ஒன்றில் விமானம் இறங்கும்போது மற்றொன்றைத் தன்போக்கில் பயன்படுத்த முடியாது. 07/25-இன் நீளம் 3,658 மீட்டர்; இரண்டாவது அதைவிடக் குட்டை. பெரிய விமானப் போக்குவரத்து 07/25-ஐ நம்பித்தான் ஓடுகிறது. 110 டிகிரிக் காற்று 9 நாட்டில் அடித்தால் 07-இல் எதிர்க்காற்றாக 7 நாட் கிடைக்கும். மீதி கொஞ்சம் பக்கக்காற்று, ஏ320-க்கு அது ஒரு பொருட்டே இல்லை. சிமுலேட்டருக்குள் இருக்கும் ஏடிசிக்கு இதெல்லாம் புரியாது. காற்றோடு கோணத்தை ஒப்பிட்டு 12 என்று சொல்லிவிடும். அப்படிச் சொன்னால் மெனுவில் வேறு அப்ரோச் (ஓடுபாதைக்கு இறங்கும் வழி) கேட்டு 07-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். காற்று ஒன்றே முடிவு செய்வதில்லை என்பதற்கு லண்டன் ஹீத்ரோவையும் பார்க்கலாம்: 5 நாட் வரை பின்காற்று இருந்தாலும் அங்கே மேற்கு நோக்கியே இறக்குவார்கள்.

இனி உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருவோம். ஓடுபாதை மாறுவது பிரச்சினை இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு மாறுகிறது என்பதுதான் பிரச்சினை.

நீங்கள் கிரேட் நிக்கோபார் பக்கமாக வங்காள விரிகுடாவைக் கடந்து, கிழக்கு தென்கிழக்கிலிருந்து சென்னைக்கு வருகிறீர்கள். 25 கிடைத்தால் சின்னத் திருப்பம், கிட்டத்தட்ட நேராக உள்ளே போய்விடலாம். 07 என்றால் விமான நிலையத்தைத் தாண்டி மேற்கே போய்த் திரும்பி வர வேண்டும். 25, 30 மைல் கூடுதல். இறக்கத்தில் ஒரு மைலுக்குச் சுமார் 300 அடி குறையும். 07-க்கு என்று திட்டமிட்டு நிதானமாக வந்துகொண்டிருக்கும்போது திடீரென்று 25 கொடுத்தால், நீங்கள் இருக்க வேண்டிய உயரத்துக்கு மேலே 7,500 அடியில் தொங்கிக்கொண்டிருப்பீர்கள். உயரம் குறைய மாட்டேன் என்கிறது என்று எழுதினீர்களே, அது இதுதான். விமானத்தில் கோளாறு எதுவும் இல்லை.

எனவே எரிபொருளை நீளமான பாதைக்குப் போடுங்கள், இறக்கத்தைக் குட்டையான பாதைக்குத் தொடங்குங்கள். 36,000 அடியில் இருந்தால் 36-ஐ மூன்றால் பெருக்குங்கள், 108. வேகம் குறைக்க இன்னும் ஒரு பத்து மைல். 25-க்கான பாதையில் ஏறக்குறைய 120 மைல் இருக்கும்போதே இறங்க ஆரம்பித்துவிடுங்கள். பிறகு 07 என்று சொன்னால் என்ன நஷ்டம்? தாழ்வான உயரத்தில் ஏழெட்டு நிமிடம் கூடுதலாகப் பறப்பீர்கள். ஏ320 அதற்குச் சுமார் 300 கிலோ எரிக்கும். அந்த 300 கிலோவைக் கோலாலம்பூரிலேயே ஏற்றிவிடலாம். தொங்கிக்கொண்டிருக்கும் 7,500 அடியை எங்கே கொண்டுபோய் வைப்பது? டெல்லியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருபவருக்கு இது அப்படியே தலைகீழ். அவருக்கு 07 குட்டை, 25 நீளம்.

அடுத்து, விமானம் வந்த வழியே திரும்பிய கதை. ஓடுபாதையை மாற்றும்போது விமானத்தின் வழிக் கணினியான எஃப்.எம்.சி., புது ஸ்டாரை (விமான நிலையத்தை நெருங்க வகுத்திருக்கும் பாதையை) அதன் முதல் புள்ளியிலிருந்து எழுதுகிறது. நீங்கள் அந்தப் புள்ளியை எப்போதோ கடந்துவிட்டிருப்பீர்கள். ஆட்டோபைலட் சொன்னதைச் செய்யும் பிள்ளை, பின்னால் இருக்கும் புள்ளியைத் தேடித் திரும்புகிறது. ஆகவே அந்தக் கணினியின் திரையும் பொத்தான்களுமான எம்.சி.டி.யு.வில் கை வைக்கும் முன் ஹெடிங் குமிழை இழுத்து, இப்போதைய திசையிலேயே பறக்க விடுங்கள். அப்புறம் எஃப்-பிளான் பக்கத்தில் கீழே சென்னை என்று இருக்கும் வரியின் இடது பொத்தான், அரைவல், அப்ரோச், ஸ்டார், இன்சர்ட். பிறகு டைரக்ட் பக்கத்துக்குப் போய், உங்களுக்கு முன்னால் இருக்கும் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். திரையை பிளான் மோடில் வைத்துப் பாதை முழுவதையும் ஒரு தடவை பாருங்கள். அதற்குப் பிறகுதான் குமிழை அழுத்த வேண்டும்.

எம்.சி.டி.யு. பாதைப் பட்டியலில் ‘டிஸ்கன்டினியூட்டி’ என்று வரும் இடைவெளியைக் கண்டதும் கிளியர் பொத்தானை அழுத்தச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். எல்லா இடைவெளியும் பிழை இல்லை. பல ஸ்டார்கள் வேண்டுமென்றே அப்படி முடிகின்றன. அங்கிருந்து ரேடார் கட்டுப்பாட்டாளர் திசை சொல்லிக் கூட்டிப்போவார் என்று அர்த்தம். அந்த இடைவெளியை அழித்தால் விமானம் விருட்டென்று திரும்பி, குறுக்கே புகுந்து ஓடுபாதை நேர்கோட்டை வெட்டும். ‘மேனுவல்’ என்ற வரிக்குக் கீழே இருக்கும் இடைவெளியைத் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் ஏடிசி திசை சொல்லாவிட்டால் நீங்களே ஹெடிங் வைத்துத் திருப்பிக்கொள்ளுங்கள்.

ஏ320-இல் செகண்டரி ஃப்ளைட் பிளான் (இரண்டாவது பாதைத் திட்டம்) என்று ஒன்று உண்டு. உங்கள் ஆட்-ஆனில் அது வேலை செய்கிறதா பாருங்கள். இறக்கம் தொடங்கும் முன், நடுக்கடலில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில், முதன்மைப் பிளானை அதில் நகலெடுத்து மற்ற ஓடுபாதையைப் போட்டுவையுங்கள்; ஓடுபாதை மாறினால் அதை எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த 60 ரிங்கிட். வான்வழித் தரவு உலகம் முழுக்க 28 நாளுக்கு ஒருமுறை மாறும். ஏர்ராக் சுழற்சி என்பார்கள். ஸ்டாரின் பெயரில் பெரும்பாலும் அது தொடங்கும் புள்ளியின் பெயரும் ஒரு எண்ணும் இருக்கும். பாதையைத் திருத்தினால் எண் மாறும். ஆக ‘வாழ்நாள் ரூட் பேக்’ என்று எவராவது விற்றால், அதன் வாழ்நாள் 28 நாள். அதில் இருப்பதும் பெரும்பாலும் சிம்பிரீஃப்பில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுக்கக்கூடிய பாதைகள்தான். மேலே ஒரு ஏர்லைன் சின்னத்தை ஒட்டியிருப்பார்கள். அதைவிட மோசம், சந்தா தரவைத் திருடி ‘இன்ஸ்டாலர்’ ஆக்கி அனுப்புவது. ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு நிறுவச் சொல்லுவார்கள். ஒரு பாதைக் கோப்பை நகலெடுக்க ஆன்டிவைரஸை எதற்கு ஐயா நிறுத்த வேண்டும்?

சார்ட் (விமானிகளுக்கான வரைபடம்) விற்பவர்கள் இன்னொரு ரகம். இந்திய விமான நிலையங்களின் ஸ்டார், அப்ரோச் படங்களை இந்திய விமான நிலைய ஆணையமே தன் மின் ஏ.ஐ.பி. எனும் வான்வழித் தகவல் தொகுப்பில் இலவசமாக வெளியிடுகிறது. அமெரிக்காவுக்கு அந்நாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வும் அப்படியே தருகிறது. அதே படங்களை இறக்கி, ஒரே பி.டி.எஃப். ஆகக் கட்டி, ‘விமானிகள் மட்டும் பார்க்கும் ரகசிய வரைபடம்’ என்று விற்கிறார்கள். வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

இவர்களுக்குப் பிழைப்பு ஓடுவதற்குக் காரணம் ஏற்பாடு அவ்வளவு குழப்படியாக இருப்பதுதான். சிமுலேட்டருக்கு ஒரு தரவு. காசு கொடுத்து வாங்கிய சில விமானங்களுக்கு அவற்றுக்கென்று தனித் தரவு. சிம்பிரீஃப்பில் சந்தா இல்லாதவர்களுக்குப் பழைய சுழற்சி. ஒரே மேசையில் மூன்றும் இருக்கும், ஒன்றுக்கொன்று பேசாது. பிளானில் ஒரு ஸ்டார் பெயர், எம்.சி.டி.யு.வில் வேறு, ஏடிசி வாயில் மூன்றாவது. ஒரு விமானத்துக்கு அவ்வளவு விலை வாங்குகிறவர்கள், ‘உங்கள் தரவுகள் பொருந்தவில்லை’ என்று ஒரு வரி எச்சரிக்கை காட்டினால் குறைந்தா போவார்கள்?

வான்வழித் தரவு தரும் நேவிகிராஃப் நிறுவனத்துக்குச் சந்தா கட்டினால் இந்தத் தலைவலி பெருமளவு தீரும். அடிக்கடி ஓட்டுபவராக இருந்தால், காசு செலவழிக்க அதுதான் நேர்மையான இடம். கட்ட விருப்பம் இல்லையென்றாலும் வழி உண்டு: சிம்பிரீஃப் பாதையின் கடைசியில் இருக்கும் ஸ்டாரை வெட்டிவிட்டு, அது தொடங்கும் புள்ளியோடு பாதையை நிறுத்துங்கள். சென்னைக்கு 200 மைல் இருக்கும்போது புது மெட்டாரைப் பார்த்து, உங்கள் எம்.சி.டி.யு.வில் அதே புள்ளியில் தொடங்கும் ஸ்டார் எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். எண் ஒன்று முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை.

மெட்டாரில் ஒரு காற்றும் காக்பிட் திரையில் வேறு காற்றும் தெரிந்தால் மிரளாதீர்கள். இந்தச் சிமுலேட்டரின் நிஜ வானிலைக்கு அடிப்படை மீட்டியோபுளூ என்ற நிறுவனத்தின் கணிப்பு மாதிரி. மெட்டாரை அதன் மேல் கலக்கிறார்கள், சில இடங்களில் ஒட்டாது. நீங்கள் இறங்கப்போவது சிமுலேட்டரின் காற்றில் என்பதால் கடைசி 3,000 அடியில் திரையில் தெரிவதைத்தான் நம்ப வேண்டும். ஏ320-க்கு இறங்கும்போது பின்காற்று வரம்பு 10 நாட். மூன்று நாலு நாட் பின்காற்று வந்துவிட்டது என்பதற்காக, ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் ஏடிசி மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள். அதே அப்ரோச்சை மெனுவில் திரும்பக் கேளுங்கள். தராவிட்டால் ஏடிசி பெட்டியை மூடிவிட்டு இறங்குங்கள். வாட்சிம் போன்ற வலையமைப்பில் மனிதக் கட்டுப்பாட்டாளர் இருக்கும்போது மட்டும் இந்த வேலை ஆகாது. அங்கே ‘முடியாது’ என்று சொல்லி, கோ-அரவுண்ட் செய்து (இறங்காமல் மேலேறி), அவர் தரும் வரிசையில் மறுபடி வர வேண்டும். கோலாலம்பூரில் ஏற்றிய அந்த 300 கிலோ போக, இதற்கும் தனியாகக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.