வேகாஸ் போறீங்களா? டேபிளுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவகிட்ட கேளுங்க

வேகாஸ் பக்கத்து ஊர் ஹெண்டர்சன்ல குடியிருக்கேன், லாஸ் வேகாஸ் ஸ்ட்ரிப்ல, அதாவது பெரிய ஹோட்டலும் கேசினோவும் வரிசையா இருக்கற ரோட்டுல, ஒரு கேசினோவுல டேபிள் டீலர் வேலை, ஆட்ட டேபிள்ல கார்டு போடறது. லீவு சீசன் வந்தாலே சொந்தக்காரங்க, அவங்க ஃப்ரெண்ட்ஸ், அந்த ஃப்ரெண்டோட மாமியார் வரைக்கும் ஃபோன் போட்டு அதே கேள்விங்களையே கேக்கறாங்க, அதான் எல்லாரும் மொத்தமா கேள்வி அனுப்புங்க, ஒரே இடத்துல சொல்லிடறேன்னேன். எந்த கேசினோன்னு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

கார்த்தி, டாலஸ்: அக்கா, என் ரூம்மேட் முன்னாடி ஒருவாட்டி 39 டாலர் ரூம்னு புக் பண்ணிட்டு போய் 95 டாலர் கிட்ட கட்டிட்டு வந்தான். ஏமாத்திட்டாங்களா?

ஏமாத்தல, ரிசார்ட் ஃபீ. வைஃபை, ஜிம், நீச்சல் குளம்னு பேரு வெச்சு ஒரு நைட்டுக்கு 40, 50 டாலர் போடுவாங்க, நீங்க குளத்துப் பக்கமே போகலன்னாலும் கட்டணும். அதுக்கு மேல 13 சதவீதம் கிட்ட டாக்ஸ். 39 அப்படித்தான் 95 ஆகும். 2025 மே மாசத்துலேர்ந்து ஃபெடரல் ரூல் வந்து கட்டாய ஃபீ எல்லாம் சேத்த ரேட்டை முதல்லயே காட்டணும்னு ஆயிடுச்சு, டாக்ஸ் மட்டும் இன்னும் கடைசியிலதான் வரும். கார்ல வந்தா பார்க்கிங் காசு தனி, அதையும் பாத்துக்கோங்க.

ரேட்டுல பெரிய வித்தியாசம் ஹோட்டல்ல இல்ல, கிழமையில இருக்கு. ஞாயித்துக்கிழமை செக்இன் பண்ணி வியாழன் கிளம்பினா, வெள்ளி சனிக்கு கேக்கற காசுல பாதி கூட ஆகாது பல ஹோட்டல்ல. ஜனவரில சிஇஎஸ் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சி நடக்கும்போதும் நவம்பர்ல ஃபார்முலா ஒன் ரேஸ் நடக்கும்போதும் வராதீங்க, ரேட்டும் தாங்காது, ரோடும் அடைச்சிருக்கும்.

பிரியா, சென்னை: ஜூலைல அமெரிக்கா வர்றோம். சென்னை வெயிலையே பாத்தவங்க நாங்க, சமாளிச்சிடுவோம்ல?

எல்லாரும் இதத்தான் சொல்லிட்டு வர்றாங்க! சென்னை வெயில்ல வேர்க்கும், தண்ணி குடிக்கணும்னு உடம்பே சொல்லும். இது பாலைவனம், வருஷத்துக்கு மொத்தமே 4 இன்ச் மழைதான், காத்துல ஈரமே கிடையாது, வேர்வை வர்றதும் தெரியாது காயறதும் தெரியாது, ரெண்டு மணி நேரம் நடந்துட்டு திடீர்னு தலை சுத்தி உக்காந்துடுவாங்க. ஜூலைல 40 டிகிரிங்கறது சாதாரண நாள். 2024 ஜூலை 7ஆம் தேதி 120 ஃபாரன்ஹீட் போச்சு, நம்ம கணக்குல 48.9, இந்த ஊரோட ரெக்கார்டே அதான். பகல்ல உள்ள இருங்க, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல சுத்துங்க. உள்ள ஏசி குளிர் ஜாஸ்தி, ஒரு மெல்லிசு ஸ்வெட்டர் பைல இருக்கட்டும். தேதி உங்க கைல இருந்தா மார்ச், ஏப்ரல் இல்ல அக்டோபர் கடைசி. டிசம்பர்ல ராத்திரி 4, 5 டிகிரிக்கு இறங்கிடும், பாலைவனம்தானேன்னு டி-ஷர்ட்டோட வந்து நிக்கறவங்களையும் பாத்திருக்கேன்.

முத்துக்குமார், நியூஜெர்சி: அப்பா அம்மாவ கூட்டிட்டு வர்றேன், அம்மாவுக்கு முட்டிவலி. எங்க தங்கலாம்?

பெல்லாஜியோ ஹோட்டல சுத்தி, அதாவது ஸ்ட்ரிப்போட நடுவுல. ஸ்ட்ரிப் மொத்தம் 4 மைலுக்கு மேல நீளம், ஹோட்டல் ஒவ்வொண்ணும் அவ்ளோ பெருசா இருக்கறதால பக்கத்துல இருக்கற மாதிரியே தோணும். "அதோ தெரியுது பாரு, நடந்துடலாம்"னு கிளம்பினா அரை மணி நேரம் ஆகும். ரோட்டை நேரா கிராஸ் பண்ணவும் முடியாது நிறைய இடத்துல, எஸ்கலேட்டர் ஏறி பாலம் தாண்டி இறங்கணும், இறங்கினா ஒரு கேசினோ வாசல்லதான் கொண்டு விடும். அந்தப் பாலத்து மேல நின்னு ஃபோட்டோ எடுக்கக் கூடாதுங்க, 2024லேர்ந்து அங்க நிக்கறதே சட்டப்படி தப்பு.

ஃப்ரீ டிராம் ரெண்டு இருக்கு. ஒண்ணு பார்க் எம்ஜிஎம், ஆரியா, பெல்லாஜியோ வழியா, இன்னொண்ணு மாண்டலே பே, லக்ஸர், எக்ஸ்காலிபர் பக்கம். அம்மாவுக்கு இதுவே பெரிய உதவி. அப்பாவுக்கு சிகரெட் புகை ஆகாதுன்னா பார்க் எம்ஜிஎம்ல தங்குங்க, ஸ்ட்ரிப்ல புகையே இல்லாத கேசினோ அதான். மத்த இடத்துல உள்ள உக்காந்து ஊதலாம், சட்டமே அனுமதிக்குது.

ஷாலினி, ஃபீனிக்ஸ்: குழந்தைங்கள கேசினோ உள்ள விடுவாங்களா? 6 வயசும் 11 வயசும்.

நடந்து போலாம், நிக்கக் கூடாது. லிஃப்டுக்குப் போறதுக்கே கேசினோவத் தாண்டித்தான் போகணும், அப்படித்தான் கட்டியிருக்காங்க. சூதாட்ட மெஷின் பக்கத்துல நின்னா செக்யூரிட்டி வந்து நகரச் சொல்லுவாங்க, 21 வயசு ஆகணும். சர்க்கஸ் சர்க்கஸ் ஹோட்டல்ல உள்ளயே ரைடெல்லாம் இருக்கற அட்வென்ச்சர்டோம், ஃப்ளமிங்கோ ஹோட்டல் பின்னாடி நிஜ ஃப்ளமிங்கோ பறவைங்க (இது ஃப்ரீ), மாண்டலே பேல சுறா மீன் அக்வேரியம். போதும் ரெண்டு நாளைக்கு. ராத்திரி பத்து மணிக்கு மேல ஸ்ட்ரிப் பிளாட்ஃபாரத்துல குழந்தைங்கள கூட்டிட்டுப் போறது எனக்குப் பிடிக்கல, அங்க போற வர்ற ஆளுங்க, அவங்க டிரெஸ்ஸு, கைல திணிக்கற கார்டு எல்லாம் பாத்துட்டு உங்க 11 வயசு கேக்கற கேள்விக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.

அருண், சிகாகோ: பிளாக்ஜாக் ஒரு தடவையாவது உக்காந்து ஆடணும்னு ஆசை. அசிங்கப்படாம ஆட என்ன தெரிஞ்சிருக்கணும்?

இது என் சப்ஜெக்ட், கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

உக்காரும்போது காசை என் கைல நீட்டாதீங்க, நான் வாங்கக் கூடாது. டேபிள் மேல வைங்க. நான் ஒவ்வொரு நோட்டா விரிச்சு வைப்பேன், மேல இருக்கற கேமராவுக்குத் தெரியணும்ல, சூப்பர்வைசர் காதுல விழற மாதிரி எவ்வளவுன்னு சத்தமா சொல்லிட்டு சிப்ஸ் (காசுக்கு பதிலா வெச்சு ஆடற வில்லைங்க) தள்ளுவேன், அப்புறம் ஒரு பிளாஸ்டிக் தகடால நோட்டை டேபிள்ல இருக்கற ஓட்டைக்குள்ள அமுத்திடுவேன். டேபிள் விட்டுப் போகும்போது நாங்க கையத் தட்டி உள்ளங்கைய திருப்பிக் காட்டறதும் அதே கேமராவுக்குத்தான், கைல எதுவும் ஒட்டிக்கலன்னு. நீங்களும் வாயால "இன்னொரு கார்டு"ன்னு சொன்னா பத்தாது. கார்டு வேணும்னா டேபிளை விரலால தட்டுங்க, வேணாம்னா கையக் குறுக்க ஆட்டுங்க. கார்டு திறந்து கிடக்கற டேபிள்ல கார்டைத் தொடாதீங்க, ஆட்டம் ஆரம்பிச்சப்புறம் கட்டின சிப்ஸையும் தொடாதீங்க. இவ்வளவுதான் மரியாதை.

இப்ப முக்கியமான விஷயம். உக்காரறதுக்கு முன்னாடி டேபிள் துணில என்ன எழுதியிருக்குன்னு படிங்க. முதல் ரெண்டு கார்டுலயே 21 வந்தா அதுக்குப் பேரு பிளாக்ஜாக், அது விழுந்தா 3:2 தர்ற டேபிளும் உண்டு, 6:5 தர்ற டேபிளும் உண்டு. 10 டாலர் கட்டினா முதல்ல சொன்னதுல 15 கிடைக்கும், ரெண்டாவதுல 12. மூணு டாலர்தானேன்னு நெனைப்பீங்க, ஆனா அது ஒண்ணுலயே கேசினோவுக்கு 1.4 சதவீதம் கிட்ட கூடுதலா போகுது, நல்லா ஆடறவனுக்கு 3:2 டேபிள்ல மொத்தமா கேசினோ பக்கம் சாயறதே ஒரு சதவீதத்துக்கும் கீழதான். ஸ்ட்ரிப்ல கம்மி காசு கட்டி ஆடற டேபிள்ல முக்காவாசி 6:5தான். நம்பர் சக்கரத்துல பந்து உருட்டற ரூலெட்லயும் அதே கதை. ஒரு பூஜ்யம் இருக்கற சக்கரத்துல கேசினோவுக்கு 2.7 சதவீதம், ரெண்டு பூஜ்யம்னா 5.26, இப்ப மூணு பூஜ்யம் போட்ட சக்கரமும் வந்தாச்சு, அதுல 7.69. சக்கரத்தை எண்ணிட்டு உக்காருங்க.

ஆடறவங்களுக்கு டிரிங்க்ஸ் ஃப்ரீ, கொண்டு வர்ற பொண்ணுக்கு ஒண்ணு ரெண்டு டாலர் டிப்ஸ் குடுங்க. டீலருக்கும்தான், நானே சொல்லிக்கறேன்!

எவ்வளவு எடுத்துட்டுப் போகணும்னு யாரும் கேக்கல, நானே சொல்லிடறேன். அன்னைக்கு தோத்தா பரவால்லங்கற காசை மட்டும் கேஷா எடுத்துக்கோங்க, ஏடிஎம் கார்டு ரூம் லாக்கர்ல இருக்கட்டும். கேசினோ உள்ள இருக்கற ஏடிஎம்ல ஒரு தடவை எடுக்கவே 8, 10 டாலர் ஃபீ புடுங்கிடும். டேபிளை விட்டு எழுந்து ஏடிஎம் பக்கம் நடக்கறவங்க முகத்த பாத்தாலே எனக்குத் தெரியும், அந்தக் காசும் எங்க டேபிளுக்கே வந்துடும்னு.

செல்வம், திருப்பூர்: ரொம்ப நேரமா ஜாக்பாட் விழாத மெஷின்ல உக்காந்தா சீக்கிரம் விழுமா?

விழாது. ஒவ்வொரு தடவை பட்டனை அமுக்கும்போதும் புதுசா ஒரு ரேண்டம் நம்பர், முன்னாடி என்ன ஆச்சுன்னு மெஷினுக்கு ஞாபகமே இருக்காது. நெவாடா சட்டப்படி மெஷின் கணக்குல குறைஞ்சது 75 சதவீதம் திருப்பிக் குடுக்கணும், நிஜத்துல அதை விட ஜாஸ்தியே குடுக்கும். ஆனா வேகத்தப் பாருங்க, நிமிஷத்துக்கு எத்தனை தடவை அமுக்கறீங்க?

அதே செல்வம்: சரி, தப்பித் தவறி விழுந்துடுச்சுன்னா? இந்தியா பாஸ்போர்ட்.

பெரிய ஜாக்பாட்னா மெஷின் லாக் ஆயிடும், ஆள் வந்து பாஸ்போர்ட் கேப்பாங்க, இங்க ரெசிடெண்ட் இல்லாதவங்களுக்கு 30 சதவீதம் டாக்ஸ் அங்கயே புடிச்சுட்டுத்தான் தருவாங்க. பிளாக்ஜாக், ரூலெட், பாக்கராங்கற சீட்டாட்டம், கிராப்ஸ்ங்கற பகடை ஆட்டம் இதுல ஜெயிச்சா அந்த டாக்ஸ் கிடையாது. ஒரிஜினல் பாஸ்போர்ட் கைல இருக்கட்டும், ஜெராக்ஸ் காட்டினா ஒத்துக்க மாட்டாங்க.

மீனாட்சி, ஆஸ்டின்: சைவம் நாங்க. சாப்பாடு, அப்புறம் மாமியார் கேக்கறாங்க, கோயில் இருக்கான்னு.

பஃபேவுக்குப் போகாதீங்க, பெரிய பஃபே எல்லாம் ஆளுக்கு 50 டாலர்ல ஆரம்பிச்சு 80ஐத் தாண்டிடுச்சு, சைவக்காரங்களுக்கு அது தண்டம். ஸ்ட்ரிப்லயே டாகோ பெல் இருக்கு, கறிக்கு பதிலா பீன்ஸ் போடச் சொல்லுங்க. தோசை சாதம் வேணும்னா ஸ்ட்ரிப்ப விட்டு வெளிய போகணும், கார்ல பத்து இருபது நிமிஷம். தண்ணி பாட்டில் ரூம்ல எடுக்காதீங்க, மினிபார்ல சில ஹோட்டல்ல சென்சார் இருக்கு, தூக்கிப் பாத்தாலே பில்லுல ஏறிடும். பார்மசி கடைல மொத்தமா வாங்கி வெச்சுக்கோங்க.

கோயில் ஊருக்கு மேற்க சம்மர்லின் பக்கம் இருக்கு, இந்து ஜெயின் கோயில், நல்ல பெருசு. இன்னொண்ணு சொன்னா உங்க மாமியார் நம்ப மாட்டாங்க, சீசர்ஸ் பேலஸ் வாசல்ல நாலு முகத்தோட பிரம்மா இருக்கார்! தாய்லாந்துக்காரங்க பாணில செஞ்ச சின்ன சன்னதி, 1984லேர்ந்து இருக்கு. மாலை, ஊதுபத்தி எல்லாம் வெச்சு கும்பிட்டுட்டு நேரா உள்ள ஆடப் போறாங்க. நம்ம பக்கம் பிரம்மாவுக்கு திருப்பட்டூர் மாதிரி ரெண்டு மூணு இடத்துலதான் சன்னதி, இங்க கேசினோ வாசல்ல உக்காந்துருக்கார் பாருங்க.

விக்னேஷ், சியாட்டில்: கிராண்ட் கேன்யன் ஒரே நாள்ல போய்ட்டு வரலாமா?

ரெண்டு கிராண்ட் கேன்யன் இருக்குன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க. வெஸ்ட் ரிம் இங்கேர்ந்து கார்ல ரெண்டரை மணி நேரம், ஹுவாலபாய் பழங்குடி மக்களோட நிலம், பள்ளத்தாக்கு மேல நடக்கற கண்ணாடிப் பாலம் ஸ்கைவாக் அங்கதான். ஃபோட்டோல பாக்கற நேஷனல் பார்க் சவுத் ரிம், அது நாலரை மணி நேரம் ஒரு வழிக்கு. ஒரே நாள்ல சவுத் ரிம் போய்ட்டு வர்றவங்க உண்டு, திரும்பும்போது ராத்திரி தூக்கக் கலக்கத்துல வண்டி ஓட்டணும், நான் வேணாம்பேன். ஒரு நைட் அங்க தங்க முடிஞ்சா சவுத் ரிம், இல்லன்னா விட்டுடுங்க. இன்னொண்ணு, அரிசோனால கடிகாரத்தை மாத்த மாட்டாங்க, கோடைல வேகாஸ் நேரமும் அவங்க நேரமும் ஒண்ணு, குளிர்காலத்துல அங்க ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும், டிக்கெட் டைம் தவறிடும்.

என்னக் கேட்டா வேலி ஆஃப் ஃபயர் போங்க. ஒரு மணி நேரம்தான், நெவாடாவோட முதல் ஸ்டேட் பார்க். செக்கச் செவேல்னு மணற்பாறை, சில இடத்துல பாறைல ரோஸும் வெள்ளையும் மஞ்சளுமா கோடு கோடா ஓடும், சாயங்காலம் அஞ்சு மணி வெயில் பட்டா கண்ணெடுக்க முடியாது. கோடைல நிறைய டிரெயில மூடிடுவாங்க. திரும்பும்போது லேக் மீட் ஏரி ஓரமாவே வந்து ஹூவர் டேம் பாத்துடலாம், 726 அடி உயரம், 1931ல கட்ட ஆரம்பிச்சது. நெவாடால சூதாட்டத்தை சட்டமாக்கினதும் அதே வருஷம்தான், டேம் வேலைக்கு வந்த ஆயிரக்கணக்கான ஆளுங்க சம்பளக் காசு இந்த ஊருக்குத்தான் வந்துச்சு.

லதா, டெட்ராய்ட்: எரிமலை ஷோ எத்தனை மணிக்கு?

எரிமலை இல்ல இப்ப. அது இருந்த மிராஜ் ஹோட்டலையே 2024 ஜூலைல மூடிட்டாங்க. பழைய யூடியூப் வீடியோ பாத்துட்டு பிளான் போடாதீங்க, டிராபிகானா ஹோட்டலையும் அதே வருஷம் அக்டோபர்ல வெடி வெச்சுத் தகர்த்தாச்சு. பெல்லாஜியோ ஃபவுண்டன் இருக்கு, சாயங்காலத்துக்கு மேல கால் மணிக்கு ஒரு தடவை. உள்ள பூந்தோட்டமும் ஃப்ரீ. ஸ்ஃபியர்ங்கற பெரிய உருண்டைக் கட்டடம் வெளியிலேர்ந்து பாக்க ஃப்ரீ, அதுவே போதும்னு நெனைக்கறேன்.

ரமேஷ், அட்லாண்டா: ஷோ டிக்கெட் ஃப்ரீன்னு ரோட்டுல கூப்பிடறாங்களாமே?

டைம்ஷேர், அதாவது வருஷத்துல சில நாள் ஒரு ரிசார்ட்ல தங்கற உரிமைய விக்கறவங்க. ரெண்டு மணி நேரம்பாங்க, அரை நாள் போயிடும். சிரிச்சுட்டே நடந்துடுங்க. சிடி ஃப்ரீன்னு நீட்டறவன், கைல கயிறு கட்டி விடற காவி டிரெஸ்காரர், கூட நின்னு ஃபோட்டோ எடுக்கற இறகு வெச்ச பொண்ணுங்க, எல்லாருமே அப்புறம் காசு கேப்பாங்க.

பேர் வேண்டாம்: கஞ்சா இங்க லீகல்தானே?

ஸ்டேட்ல லீகல், ஃபெடரல்ல இல்ல. விசால இருக்கறவங்க தொடாதீங்க. அவ்வளவுதான்.

சுதா, கோயம்புத்தூர்: கடைசி நாள் செக்அவுட் 11 மணி, ஃப்ளைட் ராத்திரி 10. லக்கேஜ என்ன பண்ண?

ஹோட்டல்ல லக்கேஜ் வாங்கி வெக்கற பெல் டெஸ்க்ல விட்டுட்டு சுத்துங்க, வாங்கும்போது ரெண்டு மூணு டாலர் குடுங்க. செக்இன்ல உங்க கார்டுல டெபாசிட்னு ஒரு தொகைய நிறுத்தி வெச்சிருப்பாங்க, டெபிட் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ குடுத்திருந்தா அது திரும்பி வர சில நாள் ஆகும், அதனால அடுத்த ஊர் செலவுக்கு அந்தக் காசை நம்பாதீங்க, கிரெடிட் கார்டு குடுக்கறது நல்லது. மிச்ச சிப்ஸ அந்தந்த கேசினோ கேஷியர்கிட்டயே மாத்திடுங்க, பக்கத்து ஹோட்டல் சிப்ஸ வேற இடத்துல வாங்க மாட்டாங்க. ஏர்போர்ட்டுக்கு டாக்சில போனா ஸ்ட்ரிப்லேர்ந்து ஃபிக்ஸட் ரேட்டுதான், ஏறும்போதே கேட்டுக்கோங்க. அப்புறம் போர்டிங் கேட் பக்கத்துலயும் மெஷின் வெச்சிருப்பாங்க, ஆடற ஆசை அடங்காத மாமா யாராவது கூட வந்தா மெஷின் கண்ணுல படாம ஜன்னல் பக்கமா உக்கார வைங்க.